எடில்சாவின் வலது கை – அத்தியாயம் 14: பாராட்டுத் தாள்

"வலது ஆள்காட்டி விரல்," என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண். தலையை நிமிர்த்தவில்லை. மைப்பெட்டியை மட்டும் முன்னால் தள்ளினாள். "இந்தக் கட்டத்துக்குள்ள வையுங்க. கோட்டைத் தாண்டாம."

எடில்சா அசையவில்லை.

"அம்மா, உங்களைத்தான். வலது ஆள்காட்டி. பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க."

எடில்சா வலது சட்டைக் கையை மேசைமேல் தூக்கி வைத்தாள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே துணியை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அதற்கப்புறம் வெறும் மேசைதான்.

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வாய் பழக்கப்படிதான் பேசியது. "மன்னிச்சுக்குங்க... ஆனா படிவத்துல வலதுன்னுதான் அச்சடிச்சிருக்கு. நான் உள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"கேட்டுட்டு வாங்க," என்றான் எடில்சாவின் கணவன் வில்ஃபிரீதோ. "நாங்க எங்கே போகப்போறோம்? விரல் முளைக்கிற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கோம்."

பள்ளிக்கூட டீச்சரான அக்கா நோரா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.  அந்தப் பெண்ணின் முன்னால் கிடந்த கோப்பின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது: வலது கை இழப்புக்கு நஷ்ட ஈடு கோரும் மனு. அந்தக் கோப்பின்மேல் மைப்பெட்டியை வைத்துக்கொண்டு வலது விரலைக் கேட்கிறார்கள். கடைசியில் உள்ளேயிருந்து அனுமதி வந்தது. எடில்சா இடது விரலை உருட்டினாள். கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போயிற்று. அந்தப் பெண் அதைக் கண்டுகொள்ளாமல் மைப்பெட்டியை மூடினாள்.

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் ஆறுவதில்லை.

புவேர்த்தோ சலாதோவில் காளை விடும் விழாவின் கடைசி நாள். மூன்று ஊர்ப் பெண்களுக்குச் சடை பின்னிவிட்டு அலுத்துப்போன எடில்சா, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அரசு மருத்துவமனைக்குப் போனாள். வாந்தி நிற்க மருந்து கலந்து வலது கையில் டிரிப் ஏற்றினார்கள். ஊசி நரம்பில் இல்லை, சதையில் இருந்தது. கை எரிந்தது, வீங்கியது, வெளுத்தது, ஊதா நிறமானது. பகல் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை அவள் கத்தினாள். காளை குத்திக் குடல் சரிந்தவர்கள் வருவார்கள் என்று இரண்டு டாக்டர்களைப் போட வேண்டிய நாள் அது. இருந்தது ஒரு டாக்டர். அந்த ஒருவரும் மேயரின் பலகை மேடையில் உட்கார்ந்து காளை பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார்கள், பேண்டு வாத்தியம் அவருக்காக ஒரு பாட்டே வாசித்தது. ஊரே கேட்டது. ஆனால் மேயரின் மேடையில் இருந்தவரைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட ஊரில் ஒரு ஆள் இல்லை. திங்கள் மதியம் விரல்கள் கறுத்தன. சின்செலேஹோவின் பெரிய மருத்துவமனையில் நாலாம் நாள் கையை எடுத்தார்கள்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. கோர்ட்டுக்குப் போகும் முன் சமரசம் பேசியாக வேண்டும் என்பது சட்டம். அதற்காகத்தான் இந்தப் புதன்கிழமை விடிந்ததும் படகேறி, பிறகு பஸ் ஏறி, சின்செலேஹோவின் இந்தச் சமரச அலுவலகத்துக்கு மூவரும் வந்திருக்கிறார்கள்.

அறையில் ஏசி பெயருக்கு ஓடியது. நீள மேசையின் தலைமாட்டில் சமரச அதிகாரி, ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட அம்மாள். அவர் பக்கத்தில் பேச்சைப் பதிவு செய்ய ஒரு தட்டச்சுப் பெண். ஒரு பக்கம் எடில்சா, வில்ஃபிரீதோ, நோரா, இவர்களுடைய வக்கீல் யாமித். எதிர்ப்பக்கம் மருத்துவமனையின் வக்கீல் உர்பினா. சலவைச் சட்டை, வாசனைத் தைலம், சக்கரம் வைத்த பெட்டி நிறையத் தாள்கள். அவரோடு மருத்துவமனையிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

"நோயாளியின் குறிப்பேட்டை வாசிக்கிறேன் மேடம்," என்று ஆரம்பித்தார் உர்பினா. "ஞாயிறு, பிற்பகல் இரண்டரை. பணி மருத்துவர் நேரில் பரிசோதித்தார். கை இயல்பாக உள்ளது. நாடித்துடிப்பு சீர். நோயாளி நிம்மதியாக இருக்கிறார்."

"நிம்மதியா?" எடில்சாவின் குரல் சின்னதாக வந்தது. "நான் அலறினதுல பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்து வெளிய போயிட்டார்."

"குறிப்பேட்டில் அலறல் இல்லை, அம்மா."

"டாக்டரே இல்லாத இடத்துல யார் எழுதுவாங்க?" என்றாள் நோரா. "ஒரு மணியிலேருந்து நான் அவ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு டாக்டரும் வரலை."

உர்பினா சிரித்தார். நோராவை அவர் எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறார். "நீங்க அக்கா. கூடப்பிறந்தவங்க அப்படித்தான் சொல்வாங்க, அதை நான் தப்பு சொல்லலை. ஆனா டீச்சர், அந்தத் திங்கட்கிழமை காலையில நீங்க வேற மாதிரி சொன்னீங்களே?"

பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சிரித்த முகமும் அழுத முகமும் அச்சடித்த நகல் தாள். மருத்துவமனை வாசலில் பெட்டி வைத்து வாங்குகிறார்களே, புகார், ஆலோசனை, பாராட்டு எல்லாவற்றுக்கும் ஒரே படிவம், அது.

"பாராட்டு என்ற கட்டத்தில் குறி. ஐந்து கேள்வி. ஐந்துக்கும் பெரிய சிரிப்பு முகம். கீழே சொந்தக் கையெழுத்தில், 'என் தங்கையை அன்போடும் பொறுமையோடும் கவனித்துக்கொண்டதற்கு மனமார்ந்த நன்றி.' பெயர், நோரா பச்சேக்கோ. அடையாள அட்டை எண்ணும் இருக்கு. இது உங்க கையெழுத்துதானா?"

நோரா மறுக்க வாயெடுத்தாள். ஆனால் அந்தக் குண்டு குண்டான எழுத்து, கரும்பலகையில் இருபது வருடமாக அவள் எழுதி வருகிற எழுத்து, மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

"என்னுதுதான்," என்றாள்.

வில்ஃபிரீதோ மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். எடில்சா பார்க்கவேயில்லை.

"அரை மணி இடைவேளை," என்றார் அதிகாரி அம்மாள்.

தாழ்வாரத்தில் ஒருத்தி தெர்மாஸில் கறுப்புக் காப்பி விற்றுக்கொண்டிருந்தாள். யாரும் வாங்கவில்லை.

"சிரிப்பு முகம்!" வில்ஃபிரீதோ வெடித்தான். "அஞ்சு! ஒண்ணு ரெண்டு இல்லை, அஞ்சுக்கும் சிரிப்பு! இங்கே என் பொண்டாட்டி கை அழுகிக்கிட்டிருக்கு, அங்கே டீச்சரம்மா உட்கார்ந்து அவனுங்களுக்கு நூத்துக்கு நூறு மார்க் போட்டுக் குடுத்திருக்காங்க!"

"வில்ஃபிரீதோ, மெதுவா..."

"என்ன மெதுவா? ரெண்டு வருஷம் படகு ஓட்டின காசெல்லாம் பஸ்ஸுக்கும் நகலுக்கும் முத்திரைக்கும் போச்சு. அத்தனையும் உங்க ஒரு தாள்ல முடிஞ்சுது. என்ன அக்கா, பரிசு ஏதாவது குடுத்தாங்களா? பேனாவாவது குடுத்தாங்களா?"

வக்கீல் யாமித் வில்ஃபிரீதோவைப்போலக் கத்தவில்லை. அதுதான் நோராவுக்கு இன்னும் வலித்தது. "டீச்சர், ரெண்டு வருஷமா நாம பேசிட்டிருக்கோம். இப்படி ஒரு தாள் இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கே ஞாபகமில்லை," என்றாள் நோரா. "சத்தியமா இல்லை."

உண்மைதான். திங்கள் மதியம் விரல்கள் கறுத்ததோடு அன்று காலை நடந்ததெல்லாம் அவள் மனசிலிருந்து துடைத்தெடுத்ததுபோலப் போய்விட்டது. இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. காலை ஏழு மணி. ஷிப்ட் முடிந்து போகும் முன் நர்ஸ் ஓனல்விஸ் கட்டுப் படிவங்களோடு வந்து கூச்சப்பட்டு நின்றாள். 'டீச்சர், தப்பா நினைக்காதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் காண்ட்ராக்ட் புதுப்பிக்கறாங்க. இத்தனை பாராட்டு வாங்கியிருக்கணும்னு கணக்கு வெச்சிருக்காங்க. உங்களுக்கு மனசு இருந்தா நாலு வரி.'

மனசு இருந்தது. முந்தின நாள் முழுக்க அந்த ஒருத்திதான் மனுஷியாக இருந்தாள். அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான் அது. கட்டிலை விட்டு இறங்கும்போது டாக்டருக்கு ஒரு கும்பிடு, நர்சுக்கு ஒரு பாராட்டுத் தாள். அப்போது கையில் வீக்கம் மட்டும்தான். வடிந்துவிடும் என்றார்கள், நம்பினாள்.

உர்பினா காப்பிக் கோப்பையோடு வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"அம்மா எடில்சா, உங்களை அலைக்கழிக்க எங்களுக்கு ஆசையா என்ன? குற்றம்னு எதுவும் இல்லை. இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் நிர்வாகக் குழு ஒரு உதவிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சிலிக்கான் கை. கூடவே ஒரு சிறு தொகை. இன்னைக்கு ஒரு நாள்தான் அனுமதி. பன்னிரண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

வழவழப்பான படத்தாள் ஒன்றை நீட்டினார். அதில் ஒரு கை, நகமெல்லாம் வைத்து. பன்றிக்குட்டி நிறத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது. எடில்சா அதைப் பார்த்தாள், பிறகு தன் கறுத்த இடது கையைப் பார்த்தாள்.

"இந்தக் கலர்லயா?"

"கலர் பத்தி அப்புறம் பேசிக்கலாம், அம்மா."

"இந்தக் கை சடை பின்னுமா?"

"இது தோற்றத்துக்கு. வெளிய வாசல் போனா யாரும் பார்க்காம இருக்க."

அவர் படத்தாளை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். வில்ஃபிரீதோ சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தான். கோபமெல்லாம் வடிந்து களைப்பு மட்டும் மிச்சமிருந்தது. "வாங்கிடலாம் எடி," என்றான். "எனக்குத் தெம்பு இல்லை. கோர்ட்டுன்னா இன்னும் எட்டு வருஷம் பத்து வருஷம்ங்கறாங்க. அந்தப் பாராட்டுத் தாளைப் பார்த்தா எந்த நீதிபதியும் நம்மளை நம்பப்போறதில்லை."

எடில்சா அந்தப் படத்தாளைக் கீழே வைக்கவில்லை. அது நோராவின் கண்ணில் பட்டது. தங்கை விழப்போகிறாள், தள்ளிவிட்டது தன் எழுத்து.

"யாமித், அவர் உங்ககிட்ட குடுத்த நகலைக் கொஞ்சம் காட்டுங்க. நான் என்னதான் எழுதித் தொலைச்சேன்னு பார்க்கிறேன்."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஐந்து முகங்களும் அவளைப் பார்த்துச் சிரித்தன. கிழித்துப் போடலாம்போல இருந்தது. நன்றி வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி, உர்பினா வாசிக்காமல் விட்டது: 'குறிப்பாக நர்ஸ் ஓனல்விஸ் தாபியாவுக்கு. அவர் செய்தது இது.' அதோடு தாள் முடிந்தது.

வலது மூலையில், நகல் எடுக்கும்போது பாதி வெட்டுப்பட்டு, ஒரு சின்ன அம்புக்குறி.

நோரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளின் நோட்டில் இடம் போதாதபோது அவள் போடுகிற அம்பு. பக்கத்தைத் திருப்பு என்று அர்த்தம். வகுப்பில் ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"பின்னாடி இருக்கு," என்றாள். குரல் உடைந்தது. "யாமித், பின்னாடி எழுதியிருக்கேன்! முழுப் பக்கம்!"

"என்ன எழுதினீங்க?"

"எல்லாம். மணி போட்டு எழுதினேன். அவளைப் பாராட்டணும்னுதானே எழுதறேன், அதனால அவ செஞ்சது ஒண்ணுவிடாம எழுதினேன். ரெண்டு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டா, அவர் வீக்கம் சாதாரணம், டிரிப்பை நிறுத்தாதேன்னு சொன்னார். போன்ல பேண்டு சத்தம் எனக்கே கேட்டுச்சு. மூணு மணிக்கு மறுபடி போட்டா, எடுக்கலை. நாலு இருபதுக்கு இன்னொரு தடவை. டாக்டர் வரவே இல்லைன்னாலும் அஞ்சு மணி நேரம் தன் கையாலேயே ஐஸ் மாத்தினா. ஆறு மணிக்கு யார் உத்தரவும் இல்லாம ஊசியை அவளே பிடுங்கிப் போட்டா. இப்படிப்பட்ட நர்சுக்குச் சம்பளம் உயர்த்திக் குடுக்கணும்னுகூட எழுதினேன்."

யாமித் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "கை போகும்னு தெரியறதுக்கு முன்னாடி. நஷ்ட ஈடு என்ற வார்த்தையே யார் வாயிலும் வராத நேரத்துல. டீச்சர், இதை விட ஒரு சாட்சி உண்டா?"

வில்ஃபிரீதோ காப்பிக்காரியிடம் போய் ஒரு கோப்பை வாங்கி வந்து நோராவின் கையில் வைத்தான். அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

இடைவேளை முடிந்து உள்ளே போனதும் அதிகாரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அம்பை நெடுநேரம் பார்த்தார்.

"இதன் பின்பக்கம் எங்கே, வக்கீல் சார்?"

"எனக்கு அனுப்பினது இவ்வளவுதான் மேடம்."

"அசல்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய படிவங்களை அழிச்சுடறது வழக்கம். இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"முன்பக்கம் இருந்த இடத்துலதானே பின்பக்கமும் இருந்திருக்கும்?" என்றார் அம்மாள். "ஒரு தாளுக்கு ஒரு பக்கத்தை மட்டும் அழிக்கிற இயந்திரம் ஏதாவது வந்திருக்கா? அடுத்த வியாழக்கிழமை ஒன்பது மணி. அசல் தாள் இந்த மேசைமேல இருக்கணும்."

நோராவுக்கு மூச்சு வந்தது. ஆனால் உர்பினா பதறவில்லை. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு எடில்சாவின் பக்கம் சாய்ந்தார்.

"அம்மா, தாள் கிடைக்கலைன்னா அப்புறம் என்ன பண்ணுவீங்க? வியாழக்கிழமை நான் வரும்போது இந்த உதவி இருக்காது. உங்க நல்லதுக்குச் சொல்றேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு." ஒப்பந்தத் தாளை அவள் முன் வைத்து, சின்ன மைப்பெட்டியையும் திறந்து வைத்தார். "இங்கே கையெழுத்து. பக்கத்துக் கட்டத்துல ரேகை."

அவர் சொன்னதும் பொய்யில்லை. தாள் கிடைக்காமல் போனால் எல்லாம் போச்சு. 

எடில்சா ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசி வரிக்கு வந்தவள், இடது விரலால் கட்டத்தைத் தொட்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சார்? எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. வாசிங்க."

உர்பினா குனிந்து பார்த்தார். வாசிக்கவில்லை.

"வாசிங்க சார். குறிப்பேடெல்லாம் நல்லா வாசிச்சீங்களே."

"வலது... ஆள்காட்டி..."

"அந்த விரல் உங்க ஆஸ்பத்திரியிலதான் போச்சு," என்றாள் எடில்சா. குரல் ஏறவேயில்லை. "அதைத் தேடி எடுத்துட்டு வாங்க. கொண்டு வந்து நீங்களே இந்தக் கட்டத்துல வெச்சுக்குங்க. என்னை விட உங்களுக்குத்தான் அது இப்ப ரொம்பத் தேவைப்படுது."

ஒப்பந்தத்தையும் இளஞ்சிவப்புக் கையின் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து அவர் பக்கம் தள்ளினாள். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, வேண்டுமென்றே நிதானமாகத் துடைத்தார்.

"அதையும் பதிவு பண்ணிக்கோ," என்றார் தட்டச்சுப் பெண்ணிடம். "ஒரு வார்த்தை விடாம."

திரும்பும் படகில் மூவரும் முதல் பலகையில் உட்கார்ந்தார்கள். படகு ஓட்டியவன் வில்ஃபிரீதோவின் கூட்டாளி, காசு வாங்கிக்கொள்ளவில்லை. நோரா இலையில் பொதிந்த சோளக் கொழுக்கட்டையைப் பிய்த்து, பாலாடைக்கட்டி வைத்து, தங்கைக்குக் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எடில்சா இரண்டாவது துண்டு கேட்டாள்.

"உர்பினா மூஞ்சியைப் பார்த்தியா?" வில்ஃபிரீதோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வலைக்குள்ள கையை விட்டுக் கடி வாங்கினவன் மாதிரி!"

நோரா மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலக வாசலிலிருந்தே ஓனல்விஸுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'அந்தப் பாராட்டுத் தாள் ஞாபகம் இருக்கா? உன்கிட்ட நகல் ஏதாவது இருக்கா?' பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது. பதில் இல்லை.

"யாருக்குக்கா?" என்றாள் எடில்சா.

நோரா சொன்னாள்.

எடில்சா கொழுக்கட்டையை இலையில் திரும்ப வைத்துவிட்டாள். "யாரைக் கேட்டு அனுப்பினே?"

"வேற யாரைக் கேட்கச் சொல்றே? ஆஸ்பத்திரிக்காரங்க அந்தத் தாளை இந்நேரம் அடுப்புல போட்டிருப்பாங்க. அவளுக்கு மதிப்பீட்டுக்குக் காட்டணும், கட்டாயம் ஒரு நகல் வெச்சிருப்பா."

"அவ வேலை தங்கணும்னுதானே அதை எழுதிக் குடுத்தே? இப்ப அதையே வெச்சு அவ வேலையைப் பிடுங்கப்போறியா? அன்னைக்கு அந்தக் கட்டடத்துல என் கையைப் பிடிச்சிட்டிருந்தவ அவ ஒருத்திதான்."

"எடி, நீ அவளைப் பார்க்கிறே, உன்னை யார் பார்க்கிறது?" என்றான் வில்ஃபிரீதோ. "உனக்குத்தானே கை போச்சு?"

"எனக்குப் போச்சுன்னா அவளுக்கும் போகணுமா?"

 நோராவுக்குத் தங்கைமேல் கோபம் வரவில்லை. இரண்டு ஏழைப் பெண்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு, மேடையில் உட்கார்ந்து காளை பார்த்த மனிதர் இன்றைக்கும் எங்கோ நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பாரே என்றுதான் பற்றி எரிந்தது.

நாலரை மணிக்குப் படகு புவேர்த்தோ சலாதோவின் துறையை நெருங்கியது. மீன் கூடைகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே, வெள்ளை யூனிபாரத்தோடு ஒரு பெண் வெயிலில் நின்றிருந்தாள். முதலில் எடில்சாதான் பார்த்தாள்.

"ஓனல்விஸ்."

படகு கரை தொடும் முன்பே அவள் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உங்க மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே வக்கீல் உர்பினா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டார், டீச்சர். பன்னிரண்டு மணிக்கு டைரக்டர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. என் பேர்ல ஒரு வாக்குமூலம் எழுதி ரெடியா வெச்சிருந்தாங்க. இந்த மாசக் கடைசியில காண்ட்ராக்ட் முடியுது இல்லையா, அதைப் புதுப்பிக்கிற தாளையும் பக்கத்துலேயே வெச்சிருந்தாங்க. ரெண்டு தாளும் பக்கத்துல பக்கத்துல."

நோராவின் கண் தானாக அவள் வலது கைக்குப் போனது. ஆள்காட்டி விரல் நுனி முழுக்கக் கறுப்பு மை.

"என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள் நோரா. கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"ரெண்டரை மணிக்கு டாக்டர் வந்து கையைப் பார்த்தார்னு. நான் பக்கத்துலயே நின்னேன்னு."

வில்ஃபிரீதோ கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, கையிலிருந்த கயிற்றைப் படகுக்குள் வீசினான்.

"போட்டோ இருக்கு டீச்சர்," என்றாள் ஓனல்விஸ். இடது கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ரெண்டு பக்கமும் எடுத்து வெச்சிருக்கேன். என்னைப் பத்தி அப்படி யாருமே எழுதினதில்லை, அதான் அழிக்க மனசு வரலை. ஆனா அதை இப்ப நான் குடுத்தா, இன்னைக்கு ரேகை வெச்சது பொய்னு ஆயிடும். பொய்ச் சாட்சின்னு என்னைத்தான் உள்ள தள்ளுவாங்க. டாக்டரை இல்லை." எடில்சாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா. அனுப்பவா, வேண்டாமா?"

துறை முழுக்கச் சத்தமாக இருந்தது.  அனுப்பு என்று சொல்ல நோராவுக்கு நாக்கு துடித்தது. வில்ஃபிரீதோவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

எடில்சா படகிலிருந்து இறங்கினாள். இருக்கிற ஒரு கையால் ஓனல்விஸின் வலது கையைப் பிடித்தாள். கட்டைவிரலால் அந்த மையைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். மை போகவில்லை, அவள் கட்டைவிரலிலும் ஒட்டிக்கொண்டது.

"வியாழக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு," என்றாள். "முதல்ல வீட்டுக்கு வா. வந்து கையைக் கழுவு."